பிறந்த மாதத்துக்கு ஒரு பூ

 

இன்று நான் பேச வந்திருப்பது பச்சை குத்துவதைப் பற்றி. முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களின் முகம் கொஞ்சம் மாறுவது தெரிகிறது. ‘மன்னாரைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தால், இந்த ஆள் டட்டூ பற்றியா பேசப் போகிறார்?’ என்று நினைக்கிறீர்கள். பொறுங்கள். மன்னாரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எங்கள் பெடியளும் பெட்டையளும் இப்போது கைப்பேசியில் ஒரு பட்டியலைப் பார்க்கிறார்கள். பிறந்த மாதத்துக்கு ஒரு பூ. ஜனவரிக்குக் கார்னேஷன், பெப்ரவரிக்கு வயலட், மார்ச்சுக்கு டஃபடில், ஏப்ரலுக்கு டெய்சி. ஜூனுக்கு ரோஜா, ஜூலைக்கு லார்க்ஸ்பர் அல்லது நீரல்லி, ஓகஸ்ட்டுக்குப் பொப்பி, செப்டெம்பருக்கு மோர்னிங் குளோரி, ஒக்டோபருக்குச் செண்டுமல்லி, நவம்பருக்குச் செவ்வந்தி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பொருள் எழுதியிருக்கும்: காதல், பணிவு, புது வாழ்வு, நினைவு. மணிக்கட்டிலோ தோளிலோ ஒரு மெல்லிய கோட்டில் அதைக் குத்திக்கொள்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அதில் எனக்குக் கோபமில்லை.

எனக்கு இருப்பது ஒரு கேள்வி மட்டும். மார்ச் மாதத்தில் பேசாலையில் டஃபடில் பூக்கிறதா? வங்காலையில் பூக்கிறதா? முருங்கனில் பூக்கிறதா? பனி உருகி, நிலம் இளகி, முதல் வெயில் படும்போது தலைநீட்டுகிற பூ அது. எங்கள் ஊரில் மார்ச் மாதம் என்றால் வெயில் முதுகைச் சுடும் மாதம். அந்த மாதத்தில் இங்கே பிறந்த பிள்ளைக்கு, தான் ஒருநாளும் முகர்ந்து பார்க்காத ஒரு பூ எப்படிப் பிறப்புப் பூ ஆனது?

அந்தப் பட்டியல் வந்த வழியைக் கேளுங்கள். 1717, 1718 ஆம் ஆண்டுகளில் கொன்ஸ்தாந்திநோபிளில் பிரித்தானியத் தூதுவரின் மனைவியாக இருந்த மேரி வோர்ட்லி மொண்டேகு என்ற சீமாட்டி, துருக்கிப் பெண்கள் பூவாலும் பொருளாலும் செய்தி அனுப்புகிறார்கள் என்று கடிதம் எழுதினார். 1819 இல் பாரிஸில் ‘பூக்களின் மொழி’ என்று ஒரு நூல் வந்தது. 1884 இல் கேட் கிரீனவே என்ற ஓவியர் இங்கிலாந்தில் அதே பெயரில் ஒரு சிறு அகராதியே போட்டார். வாயால் சொல்ல முடியாததைப் பூச்செண்டில் சொல்லிய காலம் அது. நாட்காட்டியும் வாழ்த்தட்டையும் அச்சடித்தவர்களுக்கு மாதத்துக்கு ஒரு பூ கைகொடுத்தது.

பிறந்த மாதத்துக் கல் என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் அப்படித்தான். இன்று உலகம் பயன்படுத்தும் அந்தப் பட்டியலை 1912 இல் அமெரிக்க நகை வியாபாரிகள் கூடி முடிவுசெய்தார்கள். ஜூன் மாதத்துக்கு அவர்கள் வைத்தவற்றில் ஒன்று முத்து. முத்து! சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் மூச்சடக்கி மூழ்கியவனுடைய பிறந்த மாதம் எது என்று யார் கேட்டார்கள்? அது போகட்டும்.

பூவுக்குப் பொருள் சொல்வது வெள்ளைக்காரர் எங்களுக்குக் கற்றுத்தந்ததா? நிலத்துக்கே பூவின் பெயரை வைத்தவர்கள் நாங்கள். மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். போருக்குப் போனால் ஒரு பூ. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மதிலைக் காத்தால் நொச்சி, வென்றால் வாகை. சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்கிவைத்தார். பெண்கள் தோளிலும் மார்பிலும் குழம்பால் கொடி எழுதிக்கொண்டார்கள். தொய்யில் என்று அதற்குப் பெயர். உடம்பில் பூவெழுதுவது நேற்றைய மோகம் என்று முன்வரிசைப் பெரியவர்கள் இனியும் சொல்லக்கூடாது.

பிறந்த நேரத்துக்கு ஒரு செடி என்பதும் எங்களிடம் உண்டு. நாங்கள் மாதத்தைவிட நட்சத்திரத்தைப் பார்த்தவர்கள். பூசத்துக்கு அரசு, மகத்துக்கு ஆல், ஆயிலியத்துக்குப் புன்னை, அனுஷத்துக்கு மகிழ் என்று 27 நட்சத்திரங்களுக்கும் மரம் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் பட்டியல் சற்று மாறும். ஆயிலியத்தில் பிறந்த பிள்ளை ஒருத்தி இந்த மண்டபத்தில் இருந்தால், அவளுடைய பூ புன்னை. வெள்ளை இதழ், நடுவில் பொன்னிற மகரந்தக் கற்றை, கடற்காற்றுக்கு அஞ்சாத மரம். இதைவிட நல்ல வடிவம் எந்தப் பட்டியலில் கிடைக்கும்?

இப்போது மன்னாருக்கு வருகிறேன். பச்சை குத்திய கை முதன்முதலில் எந்த வழியாக இந்த நாட்டின் மலைக்குப் போனது? இந்த வழியாகத்தான். 19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் இந்தக் கரையில் இறங்கினார்கள். இங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், அதற்கு இணைப்பாக ரயிலும் ஓடத் தொடங்கின. 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துப்போட்டது வரை எத்தனை ஆயிரம் பெண்கள் தலைமன்னார் இறங்குதுறையில் கால் வைத்திருப்பார்கள்! அவர்களில் பலருடைய முன்கையில் பச்சைக் கோலம் இருந்தது. புள்ளி வைத்த கோலம், தேள், பூ, சிலருக்குப் பெயர்.

அந்தப் பச்சை எப்படிச் செய்யப்பட்டது? அகத்தி இலையையும் மஞ்சளையும் மெல்லிய துணியில் சுற்றித் திரியாக்குவார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அதை எரித்து, மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படியும் கரியை வழித்தெடுத்து, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். ஊசியால் குத்திக் குத்தி அதைத் தோலுக்குள் இறக்குவார்கள். குறவர் குலத்துப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்த தொழில் இது. எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கில அதிகாரி நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார். குத்திக்கொண்ட பெண்கள் அதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள்: உயிர் போனால் தாலி முதல் தோடு வரை எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள், கூட வருவது பச்சை ஒன்றுதான். காசில்லாதவளுக்கு அது கழற்ற முடியாத நகை. இன்றைக்குக் கடையில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் குத்துகிற பிள்ளை, இந்த வரிசையில் கடைசியாக வந்தவள். அவள் முதல் ஆள் இல்லை.

சரி, குத்துவதென்று முடிவெடுத்தாயிற்று. என்ன பூ? அந்தப் பட்டியலை இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

செப்டெம்பருக்கு மோர்னிங் குளோரி என்றேன் அல்லவா? அதே பேரினத்தைச் சேர்ந்த கொடி, தலைமன்னார் முதல் வங்காலை வரை உங்கள் காலடியில் கிடக்கிறது. அடம்பு! காலையில் விரியும் ஊதா கலந்த சிவப்புப் பூ. ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை. நெய்தல் பாடல்களில் அடும்பு என்று வரும். தோழிப் பெண்கள் அதைப் பறித்து விளையாடுவார்கள், தலைவனின் தேர்ச்சக்கரம் அதை அறுத்துக்கொண்டு போகும். வெள்ளைக்காரப் பட்டியலில் மோர்னிங் குளோரிக்கு அன்பு என்றும், சிலர் கைகூடாத காதல் என்றும் பொருள் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பொருள் போதாது. அடம்பு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைக்கிற கொடி. சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் மணல் ஓடாமல் காப்பது அது. போகச் சொன்னாலும் போகாதவர்களின் பூ. கணுக்காலைச் சுற்றி ஒரு சுற்று போட்டால் எடுப்பாக இருக்கும். பூவைச் சிறிதாகப் போட்டு இலையைப் பெரிதாகப் போடுங்கள். அடம்புக்கு அடையாளம் அந்த இலைதான்.

ஜூலைக்கு நீரல்லி. இதில் நாங்கள் கடன் வாங்கவே தேவையில்லை. 1986 இல் இந்த நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது நீலோற்பலம். கடற்கரைத் திணைக்குப் பெயர் தந்த நெய்தலும் அதே நீரல்லி இனத்துப் பூ. கட்டுக்கரைக்குளத்துக்கும் அதன் கீழுள்ள சிறு குளங்களுக்கும் போய்ப் பாருங்கள். ஆனால் ஒன்று: பச்சை குத்துகிறவர்கள் பலர் அல்லி என்று சொல்லித் தாமரையைப் போட்டுவிடுகிறார்கள். அல்லியின் இதழ் ஒடுங்கிக் கூராக இருக்கும். இலையில் ஒரு வெட்டு இருக்கும். இலை நீரோடு படிந்து கிடக்கும். தாமரையின் இதழ் அகன்று குழிந்திருக்கும்; நடுவில் பொகுட்டு இருக்கும்; இலை வெட்டில்லாத வட்டம், நீருக்கு மேலே எழுந்தும் நிற்கும். இதைப் பார்த்துச் சொல்லி வாங்குங்கள். பிறகு அழிக்க ஏலாது.

ஓகஸ்ட்டுக்குப் பொப்பி. இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு, ஒவ்வொரு நவம்பர் 11 ஆம் திகதியும் இந்த நாட்டில் பொப்பிப் பூ விற்றார்கள். சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. அதே போரில் போய்வந்த எங்கள் நாட்டுச் சிப்பாய்க்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வி 1931 இல் எழுந்தது. பொப்பிக்கு எதிராக அதே நாளில் வேறொரு பூவை விற்கத் தொடங்கினார்கள். சூரிய மல் இயக்கம் என்று அதற்குப் பெயர். இந்த நாட்டின் இடதுசாரி இயக்கத்துக்கு அது ஒரு தொட்டில். 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது அதைத் தொடங்கியவர்களில் பலர் இந்தப் பூவை விற்றவர்கள்.

அந்தச் சூரிய மல் என்ன பூ தெரியுமா? பூவரசம்பூ! எங்கள் வேலியில் நிற்கிற பூவரசு. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அதே பூவரசு. காலையில் மஞ்சளாக விரிந்து, அடியில் கருஞ்சிவப்புக் கண் காட்டி, மாலையில் சிவந்து வாடுகிற பூ. ஒரு பேரரசின் பூவுக்கு முன்னால் வேலிப் பூவை நிறுத்தி, ‘எங்கள் பூ இது’ என்று சொன்ன நாடு இது. ஓகஸ்ட்டில் பிறந்த இளையோரே, உங்களுக்குப் பொப்பி எதற்கு? பூவரசு இருக்கிறதே!

மே மாதம் கத்தோலிக்கருக்கு மாதா வணக்க மாதம். பட்டியலில் மே மாதப் பூவாக உள்ள, லீலி ஒஃப் த வலி என்கிற வெண்மணிப் பூவை ஐரோப்பியக் கிராமத்தார் மாதாவின் கண்ணீர் என்று அழைத்தார்கள். சூசையப்பரின் கோலில் லீலி, அந்தோனியார் கையில் லீலி. மடு மாதா திருவிழாவுக்கு நடந்துபோகிறவர்களுக்கு லீலியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரலுக்கு டெய்சி எதற்கு என்று கேட்கிறேன். சித்திரை வருஷப் பிறப்புக்கு மருத்துநீர் காய்ச்சும்போது தாழம்பூவும் தாமரைப்பூவும் மாதுளம்பூவும் தேடி அலைகிறோமே, அவை என்ன குறைந்தவை? எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் வந்திருக்கிற சகோதரர்களுக்குப் பச்சை குத்துவது மார்க்கத்தில் ஆகாது என்பதை அறிவேன். பெருநாளுக்கு மருதாணியில் கொடியும் பூவும் போடுகிற உங்கள் பெண்களின் கைவேலைக்கு முன் இந்த ஊசிக்காரர்கள் கைகட்டி நிற்க வேண்டும். அடம்பை மருதாணியில் போட்டுப் பாருங்கள்.

மாதம் எதுவும் சொல்லாத பூ ஒன்றும் இங்கே உண்டு. பள்ளிமுனையில் நிற்கிற பெருக்கமரம். ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். மரத்தைப் படமெடுக்க வருகிறவர்கள் ஆயிரம். பூவைப் பார்த்தவர்கள் சிலர். அந்தி சாயும்போது விரிகிற பெரிய வெள்ளைப் பூ, தலைகீழாகத் தொங்கும். இரவில் வௌவால் வந்து மகரந்தம் சேர்க்கும். மறுநாள் கீழே கிடக்கும். வந்தேறி என்று எவரும் இன்றைக்கு அந்த மரத்தைச் சொல்வதில்லை. வெளிநாட்டில் பிறந்து, ஊர் பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பூவை நான் சிபாரிசு செய்வேன்.

ஒரு பூவைப் பற்றிக் கவனமாகப் பேச வேண்டும். கார்த்திகைப் பூ. தமிழ்நாட்டின் மாநில மலர் அது. சங்கப் பாடலில் காந்தள். மாரி தொடங்க எங்கள் வேலிகளில் சுடர்விடும். கிழங்கில் கடும் நஞ்சு. நவம்பரில் பிறந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பூ இந்த மண்ணில் இல்லை. ஆனால் அந்தப் பூ போரையும், நவம்பர் நினைவுகூரலையும், இழந்த பிள்ளைகளையும் சுமந்துகொண்டு நிற்கிறது. தாய் ஒருத்தி அதைப் பார்த்து அழுவாள். காவலரணில் நிற்பவர் அதைப் பார்த்துப் பெயர் விலாசம் கேட்பார். ‘எனக்குப் பிறந்த மாதப் பூ, அவ்வளவுதான்’ என்று நீங்கள் சொல்லலாம். பார்க்கிறவர் அதை ஏற்பாரா?

2014 ஆம் ஆண்டில் ஒரு பிரித்தானியப் பெண் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினார். அவருடைய மேற்கையில் தாமரை மீது அமர்ந்த புத்தர் உருவம். பக்தியோடு குத்திக்கொண்டது என்றார். பிடித்து அடைத்தார்கள், நாடுகடத்தினார்கள். 2017 இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நீதி கிடைத்தது, உண்மைதான். நீதி கிடைக்க மூன்று ஆண்டுகள் போயின. தோலில் எழுதிய பூவுக்குப் பொருள் சொல்லும் உரிமை பார்க்கிறவன் கையிலும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு குத்துங்கள்.

இன்னொரு கேள்வி கேட்கிறேன். பிறப்புப் பூ என்றால் பிறந்த மாதம் மட்டும் போதுமா? பிறந்த இடம் வேண்டாமா? மக்கள் போரால் இடம்பெயர்ந்த 1990 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மடுக் காட்டில், தறப்பாள் கூடாரத்துக்குள் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். படகேறி ராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒக்டோபரில் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பிறந்தார்கள். இவர்களுடைய பூ எது? ஒக்டோபருக்குச் செண்டுமல்லி என்று கைப்பேசி சொல்லும். கைப்பேசிக்கு என்ன தெரியும்? உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்: ‘நான் பிறந்தபோது வெளியில் என்ன பூத்திருந்தது?’ வேம்பு என்பார், எருக்கு என்பார், மடுக் காட்டுப் பாலை என்பார். ஒன்றுமே பூக்கவில்லை என்றும் சொல்லலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, குத்தப்போகிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. நீங்கள் கைப்பேசியில் பார்க்கிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. எங்கள் மாநிறத்திலும் கறுப்பிலும் வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்பும் எடுபடாது. கருமைக் கோடுதான் நிற்கும். பாட்டியின் கோலம் எழுபது வயதிலும் தெரிவது அதனால்தான். மயிரிழைக் கோட்டில் நெருக்கமாகக் குத்தினால், ஆண்டுகள் போகப் போகக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இதழுக்கு இதழ் இடம் விடச் சொல்லுங்கள். ஊசி உங்கள் கண்முன்னால் உறை பிரிக்கப்பட வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியால் ஈரலழற்சி பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் வரலாம். புண் ஆறும்வரை கடலில் இறங்கக்கூடாது. தொழிலுக்குப் போகிறவர்கள் இதை முன்பே யோசியுங்கள். சோளகக் காலமோ வாடைக் காலமோ, உங்களுக்கு ஓய்வான காலம் பார்த்துக் குத்துங்கள். காயம் பட்டால் தழும்பு தடித்து வளர்கிற உடம்புக்காரர் குத்தவே வேண்டாம். குத்திய பின் சில காலம் இரத்ததானம் செய்ய முடியாது; இரத்த வங்கியில் கேட்டு நடவுங்கள். சந்தையில் சில நிமிடத்தில் சிவக்காமல் கறுக்கிற ‘கறுப்பு மருதாணி’ விற்கிறார்கள். அதில் தலைமயிர்ச் சாயத்து இரசாயனம் கலந்திருக்கும், தோல் கொப்பளிக்கும். பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். பள்ளிக்கூடம் போகிறவர்கள் பொறுத்திருங்கள்; பூ எங்கேயும் ஓடிவிடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலையகத்திலிருந்து வந்து முருங்கன் பக்கத்திலும் வன்னியிலும் குடியிருக்கிற முதிய தாய்மாரின் முன்கைகளில் இன்னும் அந்தப் பழைய பச்சை இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. பின்னால் நிற்கிற இளையோரே, உங்கள் கையில் நல்ல கமரா உள்ள கைப்பேசி இருக்கிறது. அனுமதி கேட்டு அந்தக் கோலங்களைப் படமெடுங்கள். எந்த ஊரில், யார் குத்தியது, எத்தனை வயதில், அதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு கொப்பியில் வரைந்து பள்ளிக்கூட நூலகத்தில் வையுங்கள். பக்கத்தில் அடம்பையும் பூவரசையும் பெருக்கம்பூவையும் வரைந்து சேருங்கள். பச்சை குத்தும் கடைக்குப் போகும்போது அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்.